நூறு மீட்டர் எழுத்து

போர்டுக்காரர் ஸ்கூட்டர் ஓட்டும் அழகைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். முன்னால் ஒரு லாரி வந்துவிட்டால் போதும், மனிதர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போகும்வரை உருட்டிக்கொண்டே இருப்பார். "அப்பா ஓட்டினா நத்தைகூட நம்மள ஓவர்டேக் பண்ணிட்டு டாட்டா காட்டும்" என்பாள் அவர் மகள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அதே வேகத்தில்தான் போவார்.

முன்பெல்லாம் அவர் லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறவர். அதுதான் அவர் தொழிலும். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் எழுத்து வேலை. நம்பர், முதலாளி பெயர், முதலாளியின் பிள்ளைகள் பெயர், 'ஒலி எழுப்பவும்', எல்லாம் அவர் கைவரிசை. ஸ்டிக்கர் கடைகள் தெருவுக்குத் தெரு வந்தும் லாரிக்காரர்கள் அவரை விடவில்லை. ஒட்டினது உரியும், எழுதினது ஓடும் என்று அவர் சொல்லிச் சொல்லியே அவர்களை நம்பவைத்திருந்தார். தான் எழுதிய வண்டி ரோட்டில் போனால், 'ழ'வின் சுழி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் தன் வீட்டுத் திருப்பத்தையே தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எழுதி முடித்ததும் கையில் பிரஷோடு பின்பக்கமாகவே நடப்பார். பட்டறை வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்வரிசை டீக்கடையையும் தாண்டி, எழுத்து கலங்குகிற இடம் வரைக்கும் போவார். ஒருமுறை டீ குடித்துக்கொண்டிருந்தவர் மடியிலேயே போய் உட்கார்ந்திருக்கிறார். "கிட்ட நின்னு பார்த்தா எல்லா எழுத்தும் ராஜாதான். தள்ளிப் போய்ப் பார்த்தாத்தான் யோக்கியதை தெரியும்" என்பார். பட்டறையில் இதை மனிதர்களுக்கும் பொருத்திச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, துப்பாக்கி பிடிக்கிறவன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். ராணுவத்தில் சேர்ந்தான், பாதியில் விட்டான், சண்டை நடக்கிற நாடுகளுக்குக் காவலுக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் போய்ச் சேர்ந்தான். அது ராணுவமும் இல்லை, போலீஸும் இல்லை, கம்பெனி. சம்பளம் கம்பெனி கொடுக்கும், சட்டை கம்பெனி கொடுக்கும், துப்பாக்கியும் கம்பெனியே கொடுக்கும். தப்பு நடந்தால் பதில் சொல்வது யார் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

கம்பெனி வண்டிகளுக்கு எழுத ஓர் ஆள் வேண்டும் என்று மச்சினன் போனில் சொன்னபோது, போகச் சொன்னது மனைவிதான்.

"மாடி கட்டறதுக்காக உங்கள அனுப்பறேன்னு நினைக்காதீங்க. அவன் நல்லவன்தான். ஆனா கை முந்திக்கும். நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு நிம்மதி. அவனுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது, அவனால யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது."

"பெயிண்ட் டப்பா தூக்கறவன், துப்பாக்கி தூக்கறவனை எப்படிம்மா பிடிச்சு நிறுத்தறது?"

"உங்க பேச்சைக் கேப்பான்."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

கம்பெனியின் முகாம் ஊருக்கு வெளியே இருந்தது. சுற்றிலும் உயரமான சிமெண்ட் சுவர். உள்ளேயும் வண்டி நிறுத்துமிடம், சமையல் கொட்டகை, தூங்கும் தகர அறைகள் என்று ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சுவர். குண்டு விழுந்தால் ஓரிடத்தோடு போகட்டும் என்ற ஏற்பாடு. காவல் வண்டிகள் சரக்கு லாரிகளுக்குப் பின்னால் பாதுகாப்பாகப் போகும். அவற்றில் ஒன்றின் பின்கதவுத் திறப்பில், வந்த பாதையைப் பார்த்தபடி துப்பாக்கியோடு உட்கார்கிறவன் மச்சினன்.

யார்டு மேனேஜர் நம் பாஷைக்காரர்தான். வந்ததும் ஒரு தாளை நீட்டினார். "இதை எல்லாக் காவல் வண்டிக்கும் பின்னாடி எழுதணும். ஒரு புள்ளி மாறக்கூடாது."

தாளில் இருந்தது அந்த நாட்டு எழுத்து. என்ன சார் இது என்று கேட்டதற்கு, "வழக்கமா எழுதறதுதான், கிட்ட வராதீங்கன்னு" என்றார். பின்கதவில் மாற்று டயர், ஏணி, துப்பாக்கித் திறப்பு எல்லாம் போக மிஞ்சிய மூலையில் ஒரு சின்னத் தகடு. அதற்குள் இரண்டு வரி அடங்க வேண்டும். எழுத்து விரல் நீளத்துக்குத்தான் வந்தது. ஆனாலும் அச்சு அசலாக வந்தது. முடித்ததும் வழக்கம்போலப் பின்னால் நடந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் முதுகு சுவரில் இடித்தது. இங்கே இவ்வளவுதான் இடம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். அங்கே பிடித்தது சனி.

எல்லா வண்டிகளுக்கும் எழுதி முடித்த பிறகுதான், வண்டி கழுவுகிறவரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவர் அந்த நாட்டுக்காரர். பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது முகாமில் எல்லோரும் பேசிய அரைகுறை மொழி. அதில் இலக்கணம் கிடையாது, ஆனால் சிகரெட் கேட்கவும் பிள்ளைகளைப் பற்றிப் பேசவும் போதும். ஒருநாள் அவர் ஈரத்துணியால் தகட்டைத் துடைத்துக்கொண்டே, "உன் எழுத்து அழகு. சொல்வதுதான் அழகில்லை" என்றார்.

"என்ன சொல்லுது?"

"நூறு மீட்டர் தள்ளி வா. நெருங்கினால் சுடுவோம்."

சுடுவோம் என்பது அவர் மண்டையில் ஏறுவதற்கு முன்னால் நூறு மீட்டர்தான் ஏறியது. இந்த எழுத்தா, நூறு மீட்டருக்கா? முகாமில் நீளமான இடம் என்றால் கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகும் பாதை ஒன்றுதான், கிட்டத்தட்ட நூறு மீட்டர் இருக்கும். ஒரு வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லி, கழுவுகிறவரைத் தொட்டிப் பக்கம் போய் நின்று படிக்கச் சொன்னார். அங்கிருந்து அவர் இரண்டு கையையும் விரித்தார். கொஞ்சம் கிட்டே வந்தார், மறுபடி விரித்தார். இன்னும் வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாதையில் பாதியைத் தாண்டி, முக்காலையும் தாண்டி வந்த பிறகுதான் அவர் வாய் அசைய ஆரம்பித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் சாகிற தூரத்துக்கு வந்துவிட வேண்டும்.

போர்டுக்காரர் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், அந்த போர்டு தூரத்துல தெரியாது. கிட்ட வந்தாத்தான் படிக்கவே முடியும்."

"போர்டு இருக்கா?"

"இருக்கு சார்."

"எழுத்து இருக்கா?"

"இருக்கு. ஆனா படிக்க முடியல."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "அது படிக்கறதுக்கு இல்லப்பா. நாளைக்கு யாராவது வந்து கேட்டா, காட்டறதுக்கு."

போர்டுக்காரர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஆனால் மனைவிக்குக் கொடுத்த வாக்கு அவரைத் தூங்கவிடவில்லை. துப்பாக்கியைப் பிடித்து நிறுத்த முடியாது, எழுத்தைப் பெரிதாக்கலாமே என்று தோன்றியது. கழுவுகிறவர் தரையில் தண்ணீரைத் தொட்டு ஒரு வார்த்தையை எழுதிக் காட்டினார். 'தள்ளி' என்று அர்த்தமாம். ஒரே வார்த்தை. பின்கதவு முழுவதும் சிவப்பு அடித்து, டயரும் ஏணியும் போக மிஞ்சிய அகலம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையை வெள்ளையில் எழுதினார். தொட்டிப் பக்கத்திலிருந்து கழுவுகிறவர் கையைத் தூக்கி, படிக்க முடிகிறது என்று காட்டினார். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. சும்மா இருக்கற நேரத்துல பண்ணிக்கோ. ஆனா சின்ன போர்டை எடுக்கக் கூடாது. அதைத்தான் போட்டோ எடுத்து மேலே அனுப்பியிருக்கோம்" என்றார்.

வண்டிகள் ஒவ்வொன்றாக முகாமுக்குத் திரும்பத் திரும்ப, ஒவ்வொன்றாகச் சிவப்பாகின. கழுவுகிறவர் தினமும் ஊரிலிருந்து சேதி கொண்டுவந்தார். பெரிய எழுத்தைப் பார்த்ததும் கார்கள் தானாகவே பின்தங்குகின்றனவாம். சந்தையில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். "நானே வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன்" என்றார் பெருமையோடு. போர்டுக்காரர் வாழ்க்கையில் எத்தனையோ எழுதியிருக்கிறார், ஒரு எழுத்து இப்படி வேலை செய்து அவர் பார்த்ததில்லை. மனைவிக்குப் போன் செய்தபோது குரலே வேறாக இருந்தது. "உன் தம்பியை நான் எழுத்தாலேயே பிடிச்சு நிறுத்திட்டேன்" என்றார்.

கடைசியாக மிஞ்சியது மச்சினன் வண்டி. அது எப்போதும் தூரப் பாதையிலேயே இருந்தது. ஒருநாள் மத்தியானம் உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றது. கழுவி, காயவைத்து, சிவப்பு அடித்து, அது காய்ந்து எழுத வேண்டும். மறுநாள் காலையில் மறுபடி கிளம்ப வேண்டிய வண்டி. போர்டுக்காரர் டப்பாவைத் திறக்கப் போனார்.

"விடுங்க மாமா" என்றான் மச்சினன். "கல்யாணப் பொண்ணு மாதிரி வண்டிக்கு எதுக்கு அலங்காரம்? நம்ம ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு. வாங்க."

"பெருசா எழுதிட்டா நல்லது மாப்ள."

"அடுத்த வாட்டி எழுதிக்கலாம்."

அவருக்கும் ஆசைதான். அடுத்த வாட்டி என்று டப்பாவை மூடிவிட்டார். சமையல் கொட்டகையில் உட்கார்ந்து, அக்கா சின்ன வயதில் அவனுக்குச் சோறு ஊட்டத் தெரு முழுக்கத் துரத்திய கதையைச் சொல்லி இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மறுநாள் வண்டி திரும்பியபோது மச்சினன் இறங்கிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், பாட்டிலைப் பிடித்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"ஒரு வெள்ளைக் கார் மாமா. வந்துட்டே இருந்தது. நான் கையை ஆட்டினேன், தள்ளிப் போன்னு. அந்த ஆளும் கையை ஆட்டினான். சிரிச்சுட்டே ஆட்டினான் மாமா. ரோட்டுல சுட்டேன், அப்பவும் நிக்கல. அப்புறம் சுட்டேன்." பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே, "பக்கத்துல ஒரு பொம்பளை இருந்தா" என்றான். "அவ இறங்கி நின்னு எங்க வண்டியைப் பார்த்துட்டே இருந்தா. நாங்க நிக்கக் கூடாது, போயிட்டோம்." காரில் குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை என்பது சாயங்காலமே தெரிந்துவிட்டது.

கழுவுகிறவர் அடுத்த நாள் காலையில் வந்தார். வாளியைத் தொடவில்லை. போர்டுக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த அரைகுறை மொழியில் மெதுவாகச் சொன்னார். இறந்தவர் அவர் தெருக்காரர். அவருக்கும் கழுவுகிறவர்தான் சொல்லியிருந்தார், பெரிய எழுத்து வண்டி வந்தால் நெருங்காதே, அது சுடும் என்று. ஊரும் அப்படியே பிடித்துக்கொண்டது. பெரிய எழுத்து இருந்தால் பயம். இல்லாவிட்டால் பயமில்லை. அன்று முன்னால் போன வண்டியில் பெரிய எழுத்து இல்லை.

"நான் சொன்னேன். நீ எழுதினாய்" என்றார் கழுவுகிறவர். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. சாட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். குரங்கு ஆளைக் கொல்லாது. எல்லா வண்டியிலும் சின்ன எழுத்தாகவே இருந்திருந்தால் ஊர் எல்லா வண்டிக்கும் பயந்திருக்கும். எல்லாவற்றிலும் பெரிதாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் விட்டு விலகியிருக்கும். ஒரே ஒரு வண்டியை விட்டுவிட்டு, அதை மட்டும் சாது என்று ஊருக்குச் சொன்னது அவருடைய நல்லெண்ணம்தான். இது அவருக்கு அன்றே புரிந்தது, மச்சினனிடம் மட்டும் சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. கம்பெனி சுட்டதைக் கம்பெனியே விசாரித்தது. கோட்டுப் போட்ட ஒருவர் போர்டுக்காரரை உட்காரவைத்து, சின்னத் தகட்டின் போட்டோவைக் காட்டி, இது உங்கள் எழுத்தா, அன்றைக்கு அந்த வண்டியில் இது இருந்ததா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம்தான்.

"ஆனா சார், தூரத்துல இருந்து அதை..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க."

மேனேஜர் சொன்ன அந்த 'நாளைக்கு' இதுதான் என்று அவருக்கு விளங்கியது. போர்டைக் காட்டினார்கள், வேலை முடிந்தது. இறந்தவர் எச்சரிக்கையை மீறி வந்தவர் ஆனார். மச்சினன் விதிப்படி நடந்தவன் ஆனான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அங்கே அம்பையும் யாரும் நோகவில்லை, குத்துப்பட்டவனைத்தான் நொந்தார்கள். கொஞ்ச நாளில் இருவரையும் கைகுலுக்கி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். கிளம்பும் அன்று கழுவுகிறவர் ஒரு சிவப்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். போர்டுக்காரர் கிட்டே போய் நின்றும் அவர் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்த மச்சினன் அக்கா வீட்டுப் பின்னறையில் சுருண்டுகொண்டான். தூங்கமாட்டான், சாப்பிட்டதாகப் பேர் பண்ணுவான். அக்கா மகள் ஓடிவந்து கையைப் பிடித்தால் உருவிக்கொள்வான். அவன் ஒன்றையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அந்த ஆள் போர்டைப் படித்தானா, இல்லையா. படித்துவிட்டு வந்தான் என்றால் ஒன்று, படிக்க முடியாமல் வந்தான் என்றால் வேறு.

"உங்ககிட்ட ஒருநாள் கேப்பான்" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "அவனுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லிடுங்க. இப்படியே விட்டா அவன் நமக்கு இல்ல."

வீட்டில் அவன் கேட்கவில்லை. ஒருநாள் மச்சினன் பட்டறைக்கே வந்துவிட்டான். தாடியும் கசங்கிய சட்டையுமாக நின்றான்.

"மாமா, அதே அளவுல ஒரு போர்டு எழுதுங்க. நம்ம எழுத்துல எழுதுங்க. நான் ரோட்டுக் கோடிக்குப் போய் நின்னு படிச்சுப் பார்க்கறேன். நீங்க அன்னைக்கே பெருசா எழுதணும்னு சொன்னீங்கள்ல? ஏன் சொன்னீங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

போர்டுக்காரர் தகடுகள் சாய்ந்திருந்த மூலைக்குப் போனார். அதே அளவுத் தகடு எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது. அவர் கைக்குத் தெரியாத அளவா அது. அந்தத் தகட்டை நகர்த்திவிட்டு அதற்குப் பின்னால் இருந்த பெரிய தகட்டை எடுத்தார். 'நூறு மீட்டர் தள்ளி வரவும். நெருங்கினால் சுடுவோம்.' எழுத்துகள் சாண் உயரத்தில் வந்தன.

மச்சினன் பார்த்தான். "இவ்ளோ பெருசாவா இருந்தது?"

"இருந்தது. நீ எப்பவும் அதுக்குப் பின்னாடிதானே உட்கார்ந்திருந்த."

அவன் ரோட்டில் பின்பக்கமாகவே நடந்தான். டீக்கடையைத் தாண்டினான், டயர் கடையைத் தாண்டினான், வளைவு வரைக்கும் போனான். போர்டுக்காரர் தகட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்தில் அவன் கை மேலே எழுந்து ஆடியது. திரும்பி வரும்போது ஓடிவந்தான்.

"படிக்க முடியுது மாமா. நல்லாவே முடியுது. அப்போ அவன் படிச்சிருக்கான். படிச்சுட்டுத்தான் வந்திருக்கான்." அவர் தோளில் முகத்தை வைத்து அழுதான். ஈரமான பெயிண்ட் அவன் சட்டையில் ஒட்டியது. அந்த நாட்டில் ஒரு மனிதர் இரண்டாவது தடவையாகக் குற்றவாளி ஆனார். முதல் தடவை கம்பெனி ஆக்கியது. கம்பெனிக்காவது இதெல்லாம் தொழில்.

அன்றிலிருந்து மச்சினன் சாப்பிட்டான், தூங்கினான், தாடியை எடுத்தான், மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். மனைவி முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கும்போது செய்தது சரிதான் என்றே போர்டுக்காரருக்குத் தோன்றும். பட்டறை மூலையில் அந்தத் தகட்டைப் பார்க்கும்போது தோன்றாது.

மழைக்காலம் முடிந்ததும் மச்சினன் சொன்னான், கம்பெனி மறுபடி கூப்பிடுகிறது என்று. வேறு நாடு, அதே வேலை. "என் மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சுல்ல மாமா. இங்க உட்கார்ந்து என்ன பண்றது?" மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தாள், ஏதாவது சொல்லுங்கள் என்று. அவர் வாயைத் திறந்தார். தெளிந்துபோயிருந்த மச்சினன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பார்த்துப் போயிட்டு வா" என்றார்.

அவனை வழியனுப்பிவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவி கேட்டாள். "அவன் பட்டறையில படிச்சுப் பார்த்தேன்னு சொன்னானே, வண்டியில இருந்த போர்டு நிஜமாவே அவ்ளோ பெருசாங்க?"

"இல்ல."

"எவ்ளோ?"

அவர் விரலைக் காட்டினார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"இன்னும் விமானம் ஏறியிருக்க மாட்டான். சொல்லிடுங்க. அவன் திரும்பி வந்து அந்த அறையிலயே கிடக்கட்டும், நான் பார்த்துக்கறேன்."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் ஜனங்களின் சத்தம், அறிவிப்புச் சத்தம். "சொல்லுங்க மாமா" என்றான், பழைய குரலில், சின்ன வயதில் கூப்பிட்ட அதே குரலில். மனைவி எதிரே நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா? சத்தமா சொல்லுங்க, இங்க ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமில்ல மாப்ள" என்றார் போர்டுக்காரர். "சாப்பிட்டியா?"